முழங்கால்தான்

பாதியில் நின்றது.
பானெட்மேல் பழுப்புத் தண்ணீர் ஏறிக்
கண்ணாடியைத் தொட்டதும்
ஒரு விக்கல்,
அவ்வளவுதான்.

இன்னொரு தரம் சாவியைத் திருப்பிப் பார் என்றேன்.
லிந்தோமார் கையை எடுத்துக்கொண்டான்.
இஞ்சின் குடித்தது காற்றில்லை.
இப்போது சுற்றினால் உள்ளே தண்டு வளையும் என்றான்.
கதவிடுக்கில் நுழைந்த நீர்
என் நல்ல செருப்பைத் தேடி வந்தது.

அக்கரையில் செபஸ்தியார் திருவிழா.
இரவு பிங்கோ.
முதல் பரிசு ஒரு கிடாரி.
இரண்டு சீட்டு வாங்கி வைத்திருந்தோம்.

ஒசோரியோவின் டிராக்டர் வந்து
பிக்கப்பைப் பின்பக்கமாக இழுத்துப் போட்டபோது
கொசு இறங்கும் நேரம்.
கதவைத் திறந்தோம்.
பான்டனாலில் பாதி
எங்கள் முற்றத்தில் இறங்கி நடந்தது.

விடிந்ததும் முதல் வேலை பேட்டரி.
அப்புறம் இருக்கைகள்.
எட்டு போல்ட்டில் ஏழு மரியாதையாக வந்தன.
எட்டாவது
நாலு கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு வந்தது.
தரைவிரிப்பை வேலியில் போட்டேன்,
மாடு வந்து நக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.
வண்டிப் பத்திரம், இன்சூரன்ஸ்,
பிங்கோ சீட்டு இரண்டு,
எல்லாம் துணிக்கொடியில் கிளிப் மாட்டி.
ஏர் ஃபில்டர் பெட்டியில்
தேங்கி நின்ற நீரில்
விரல்நீள மீன் ஒன்று
புது வீட்டுக்காரனைப்போல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு உருவினான்.
பால் அதிகமான காப்பி நிறம்.
என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கம்பியில் இரண்டு கோடு.
இதற்குக் கீழே ஆகாது,
இதற்கு மேலே ஆகாது.
ஓடைக்கு யார் கோடு போட்டார்கள்?

நான்தான்.

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு
கையில் ஒரு கழியோடு
நான்தான் இறங்கினேன்.
ஆழம் பார்த்துத்தான் காலை விட்டேன்.
பாதிக்கு முன்பே
கெண்டைக்காலில் ஏதோ உரசிற்று,
முதலையோ, வேரோ.
கழியை முன்னால் குத்தினேன்.
போயிற்று.
போய்க்கொண்டே இருந்தது.
அக்கரை ஓரத்தில் ஒரு துயுயு நாரை
முட்டி தெரிய நின்றது.
திரும்பி வந்து கத்தினேன்:
முழங்கால்தான், அந்தக் கோடிவரைக்கும் முழங்கால்தான்!
நாரையின் முழங்காலைச் சொன்னேன்போலும்.

அவன் அடியில் படுத்து டிரெயின் போல்ட்டைத் தளர்த்தினான்.
முதலில் வந்தது தண்ணீர்,
தெளிந்த, வெட்கமில்லாத தண்ணீர்.
எண்ணெய்க்குக் கீழேதான் படுத்திருக்குமாம் அது
ராத்திரி முழுக்க.

லிந்தோமார், என்றேன்.
நான் அக்கரைவரைக்கும் போகவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து,
தெரியும்.
கழி நனைந்திருந்ததே, உன் மார் உயரத்துக்கு.

பின்னே எதற்கு ஓட்டினாய்?

ஸ்பானர் கொஞ்ச நேரம் கிணுகிணுத்தது.
செவலைக் கிடாரி, என்றான்,
நெற்றியில் சுட்டியாம். ஒசோரியோ சொன்னான்.

மத்தியானம் ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றி
இப்போது திருப்பு என்றான்.
திருப்பினேன்.
நாலு துளையிலிருந்தும் ஓடை எகிறி
அவன் முகத்தில் அடித்தது.
வாயைத் திறந்து வைத்திருந்தான் முட்டாள்.
நான் சிரித்த சிரிப்பில்
வேலியோரத்து மாடு நகர்ந்து நின்றது.

மூன்று முறை ஆயில் மாற்றினோம்.
கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், எல்லாவற்றிலும் அதே காப்பி.
ஸ்டார்ட் ஆகிறது.
இருக்கைப் பஞ்சு மட்டும் காயவில்லை,
உட்கார்ந்தால் அழுகிய தாமரை வாடை.
மேட்டில் ஏறும்போது
உள்ளே எங்கோ ஒரு டக்.
மறுபடி டக்.
அவன் ரேடியோவைத் திருகுகிறான்.
அது நனைந்து செத்துப்போன ரேடியோ.
ஆனாலும் திருகுகிறான்,
நானும் பாட்டுக் கேட்கிறவள்போல்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.