அரைப்பேர்

விடியுமுன்னே பூசணிக்குப் போகிறேன்.
மகளுடைய சித்திரப்பாடத் தூரிகை,
நான்காம் இலக்கம், மயிர் பாதி உதிர்ந்தது.
ஆண்பூவில் தொட்டு
பெண்பூவில் துடைக்க வேண்டும்.
பத்து மணிக்குள் பூ வாய் மூடிவிடும்.
எனக்கு ஏழு மணிக்குப் பிரட்டு.

மொத்தம் பதினெட்டுப் பூ.
முதல் நாள் வெட்கமாக இருந்தது,
யார் வீட்டுக் கதவையோ
தட்டாமல் திறந்ததுபோல.

தேயிலைக்கு இந்தக் கவலை இல்லை.
ஏழு நாளைக்கொரு தரம் கிள்ளிவிடுகிறோம்,
பூக்க விடுவதில்லை.
பூக்க விடாத செடியை
மலை மலையாய் நட்டு வைத்த தோட்டத்தில்
தேனீ நின்றுபோனதைத்
துரை பங்களா எப்படிக் கவனிக்கும்?
செக்ரோலில் அதற்குப் பேர் கிடையாது;
வராத நாளுக்கு வெட்டச் சம்பளமும் கிடையாது.

எங்கள் பேரிலும் ஒரு தீ இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.
போன வருசம் பதினோராம் நம்பர் மலையில்
கூடு கலைந்தது.
ஏழு பேர் பசறை ஆஸ்பத்திரியில்.
சந்தனமேரிக்கு
உச்சந்தலையில் மட்டும் இருபத்திரண்டு கொடுக்கு.
குளவி என்றோம். பேப்பரும் குளவி என்றே போட்டது.
அன்றிரவு கருப்பந்தைல மரத்தடியில்
பழைய டயருக்குத் தீ வைத்தவர்களில்
என் புருசனும் ஒருவர்.
தீப்பெட்டி என்னுடையது.
காலையில் உதிர்ந்து கிடந்ததைக் கூட்டி அள்ளும்போது
ஒன்றின் பின்னங்காலில்
மஞ்சளாய் ஏதோ அப்பியிருந்தது.
பேசாமல் கொட்டிவிட்டு வந்தேன்.

தீ மட்டுமா என்றால், இல்லை.
புல்லுக்கு மருந்தும் அடிக்கிறோம்.
அதற்கு முழுப்பேர்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டம்.
கொழும்பிலிருந்து நிரோஷன் என்றொரு பொடியன்,
சிரிக்கும்போது கண்ணும் சிரிக்கிறது.
வீட்டுக்கு ஆறு பெட்டி,
பெட்டிக்குள் சில்வண்டு,
நாற்பது நாளில் வறுத்து அரைத்தால் மாவு.
பிள்ளைகளுக்குப் புரதம் போதாதாம்,
அவனுடைய வரைபடத்தில்
எங்கள் தோட்டத்துக்குச் சிவப்பு நிறம்.

சந்தனமேரி எழும்பினாள்:
"தம்பி, கொழும்பில யாரு திங்கிறாங்க?"
அவன் பிஸ்கட் ஒன்றைக் கடித்துக் காட்டினான்.
நாங்களும் கடித்தோம். அருவருக்கவில்லை,
ஈசலுக்கு உப்புப் போட்டு வறுப்பவர்கள்தானே.
கச்சானைத் தோலோடு தின்ற ருசி,
கடைசியில் கொஞ்சம் மண்.

"தீனிக்கு என்ன போடுறது?" என்று கேட்டேன்.
தாளைப் புரட்டினான்.
கோழித் தீவனம். அது விலை ஏறினால்
பூசணி. தோலும் சதையும்.

நான் சிரித்ததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.
அவனுக்கு எப்படிச் சொல்ல,
காலையில் நான்தான் வண்டு,
வண்டுக்குத் தீனி விளையும் வரைக்கும்,
அந்த வண்டு
என் பிள்ளைக்குத் தீனியாகும் வரைக்கும் என்று?

ஆறு பெட்டியும் எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பெட்டிக்கு முந்நூறு ரூபாய் கையில் தந்தார்கள்.

இரவெல்லாம் காம்பராவில் சத்தம்.
பக்கத்துக் காம்பரா அந்தோனிமுத்து சுவரில் தட்டுகிறார்.
மகள் மட்டும் அசையாமல் தூங்குகிறாள்.

இன்றைக்கு ஒரு பெட்டிக்கு மூடி சரியாக இறுகவில்லை.
எண்ணிக்கொண்டே போனவள்
பன்னிரண்டாவது பூவில் நின்றுவிட்டேன்.
பெண்பூ.
உள்ளே என் சில்வண்டு ஒன்று
இதழைத் தின்றுகொண்டிருக்கிறது,
மீசை முழுக்க மஞ்சள்.

பிடித்திருக்கலாம். ஒரு சிட்டிகை மாவு.
பிடிக்கவில்லை.
தூரிகையையும் அதில் வைக்கவில்லை.
காம்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி
அடையாளம் வைத்தேன்.

பிரட்டுக்குப் பிந்திவிட்டது.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.

மூன்றாம் நாள் தெரியும்,
பிஞ்சு பிடித்ததா,
வெம்பி விழுந்ததா.