தண்ணிக்கு ரெண்டு கிலோ

ஞாயிறு விடியுமுன்
ஃபேக்டரிக்குக் கீழே
ஆற்றைக் கல்லடுக்கி மறித்திருந்தார்கள்.
அப்கொட் பனியில்
எதிரே நிற்பவர் இடுப்புக்கு மேல் இல்லை.
இந்தக் கரைச் சவுக்கிலிருந்து அந்தக் கரைப் பாறைக்கு
ஒரு நைலான் கயிறு.
எனக்குக் கிடைத்த வெள்ளை அங்கி
என்னைவிட உயரமான ஒருத்திக்குத் தைத்தது.
மார்த்தாள் அக்கா முட்டி போட்டு
ஓரத்தை ஊக்கு குத்தி ஏற்றினாள்.

ஏன் வந்தாய் என்று எல்லார் முன்னும் கேட்பார்கள்.
பாடமாக்கிய பதிலைப் பிசகாமல் சொன்னேன்:
பாவம், மீட்பு, நித்திய ஜீவன்.
சொல்லாமல் விட்டது பிளாஸ்க்.
மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்
சிவப்பு மூடிப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தவர்கள்
இந்தக் கரையில் நின்று நடுங்குகிறவர்கள்தான்.
பஸ்ஸுக்குக் காசு எது என்று
நானும் கேட்டதில்லை.

பாஸ்டர் யோவேல் கையில் பேர்கள் இருந்தன.
ரெபேக்காள், எஸ்தர், லீதியாள்.
எனக்கோ ஏற்கெனவே பேர் அதிகம்.
செக்ரோலில் தங்கம்மா.
அடையாள அட்டையில்
சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வந்ததில் தன்கேசரி.
வைத்த பேர் தங்கேஸ்வரி.
அதுவே இருக்கட்டும் என்றேன்.
ஈஸ்வரி அவருக்கு இடித்தது.
"ஈஸ்வரிய வெட்டிட்டு தங்கம்னு வச்சுக்கலாமே?"
"அரைப்பேரா, ஐயா?"

லயத்தில் பிறந்தவர்.
கிலோ குறைந்த நாள்களில்
தாய்க்கு விழுந்த அரைப்பேரில்
அரை வயிறு உண்டு வளர்ந்தவர்.
கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.
பிறகு முழுப்பேரையும் சொல்லி
முழுசாய் அமிழ்த்தினார்.

வானம் திறக்கவில்லை.
காதுக்குள் ஐஸ்.
கரையேறிப் பார்த்தால் கணுக்காலில் ஒரு அட்டை,
அதுவும் என்னோடு ஞானஸ்நானம் வாங்கியிருந்தது.

லயத்துக் குழாயடியில்
நாத்தனார் செல்லக்கிளி வாளியிடம் சொன்னாள்:
"தலமுழுகிட்டா."
மார்கழியிலிருந்து என்னோடு பேச்சில்லை.
சொல்ல வேண்டியதையெல்லாம்
வாளியிடம், கோழியிடம்,
எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவரிடம் சொல்வாள்.
பொழுதுசாயத் தலைவரும் வந்தார்.
"சம்பளத்துல வெட்டுற கோயில் காச
நிப்பாட்டச் சொல்லவா?"
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.
போன மாசியில் என் புருசனுக்கு
அந்தக் கோயில் ஆள்கள்தான் குழி வெட்டினார்கள்.
கல்லுத் தரை. கடப்பாறை வளைந்தது.
ஒருத்தரும் கூலி கேட்கவில்லை.

திங்கள் மழை.
இருமலோடு ஏழாம் நம்பர் மலை ஏறினேன்.
நனைந்த கொழுந்து கனத்தது,
சாக்கு நிறையவில்லை.
நிறுக்கும்போது
தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுவார்கள்,
மழை நாள் வழக்கம்.
நேற்றுத் தண்ணீரில் பேர் கிடைத்தது,
இன்று தண்ணீருக்குப் பேர் போகும்.
சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

வரிசையில் பின்னால் நின்றவள்
ஒரு கை, ரெண்டு கை,
பிறகு எண்ணாமல்,
தன் கொழுந்தை என் சாக்குக்குள் போட்டு அமுக்கினாள்.
திரும்புமுன் படங்குச் சீலையை
முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.
விரிசல் விட்ட பச்சை வளையலை மறைக்க மறந்துவிட்டாள்.

தராசு முள் இருபதில் நின்றது.
கழிவு ரெண்டு.
"தங்கம்மா, பதினெட்டு, முழுப்பேர்"
என்றார் கணக்கப்பிள்ளை
தலை நிமிராமல்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது.
மேலே ஒரு முழ இருட்டு
ரெண்டு வீட்டுக்கும் பொது.
அவள் சாம்பிராணி இங்கே வரும்,
என் இருமல் அங்கே போகும்.
அன்றிரவு போர்வைக்குள்
உதட்டை மட்டும் அசைத்துச் செபித்துக்கொண்டிருந்தேன்.

"செபம் பண்றதுன்னா சத்தமாப் பண்ணு, மதினி.
முணுமுணுன்னு கேக்கவும்
எலின்னு நெனச்சு
வெளக்க வேற பத்த வச்சுட்டேன்."