வினை இரண்டாம் இடத்தில்

முதல் நாள் ஷிஃப்ட் முடிந்து
கையுறையைக் கழற்றி
"இஷ் கொம்மெ" என்றேன்,
வருகிறேன் என்று.
மேற்பார்வையாளர் டீர்க்ஸன்
கதவைப் பிடித்தபடியே நின்றாராம்,
ப்ரேமர்ஹாஃபென் துறைமுகக் காற்றெல்லாம் உள்ளே வர,
நானும் வருவேன் என்று.
நான் அதற்குள் பஸ்ஸில், ஜன்னலோரம்.

பரிசாலில் லாஞ்ச் ஏறும்போது
யாரும் போகிறேன் என்பதில்லை.
அது ஆற்றோடு போனவர்களுக்கான சொல்.
"ஆஷி" என்போம். வருகிறேன்.
கயிறு அவிழ்ந்த பிறகும்.

மீன் அட்டைப்பெட்டியின் மூடியில்
மார்க்கரால் எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்:
பின், பிஸ்ட், இஸ்ட், ஸிண்ட், ஸைட்.
எங்களுக்கு இதெல்லாம் வேண்டியிருந்ததே இல்லை.
நான் மொர்ஜினா. முடிந்தது.
எனக்கும் என் பெயருக்கும் நடுவே
ஆணி ஏதும் அடிக்காமலே
முப்பத்தோரு வருஷம் ஒட்டித்தான் இருந்தோம்.
இங்கே ஒரு "பின்" குத்தாவிட்டால்
கழன்று விழுந்துவிடுவேனாம்.

பக்கத்து மேஜை கிரஜினா சிரிக்கிறாள்,
நான் தண்ணீரைத் தின்கிறேனாம்.
தின்போம்தான்.
தண்ணீர், டீ, பீடி, அடி,
படியில் வழுக்கினால் அந்த விழுதலையும்.
எல்லாவற்றுக்கும் ஒரே வாய், ஒரே வினை.
இவர்கள் வாய்க்குள் எத்தனை அலமாரி!
சில வினைகளை இரண்டாய் வெட்டி
தலையைக் கொண்டுபோய்
வாக்கியத்தின் வால்பக்கம் வைக்கிறார்கள்.
மீனாக இருந்தால்
தலையை நான் கூடையில் போட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அரை மணி தாமதம்.
ஏன் என்றார் டீர்க்ஸன்.
"வைல்" என்று ஆரம்பித்தேன். ஏனென்றால்.
அந்த ஒரு சொல்லைப் போட்டால் போதும்,
இரண்டாம் இடத்தில் விறைத்து நிற்கும் வினை
இறங்கி நடந்து
கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது,
எங்கள் வீட்டில் உட்காரும் அதே இடத்தில்.
வைல் மைன் ஸோன் ஃபீபர்...
மூச்சு வாங்கினேன்.
ஹாட்.

பையனுக்குக் காய்ச்சல்.
ஊரில் சொன்னால் அதற்கு வினையே கிடையாது.

அவர் திருத்தவில்லை.
போங்கள் என்றார்.
திக்கென்றது. அப்புறம்தான் நினைவு வந்தது,
இந்த ஊரில் போவது என்றால்
வெறும் போவதுதான்.

"இஷ் கொம்மெ" என்றேன்.
இந்த முறை
கதவைச் சாத்திக்கொண்டார்.