புதன் இரவு

தண்டையார்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
ஃபேன் சுற்றும்போது மானிட்டரும் லேசாக ஆடும்.
அதற்குள் எர்ணாவூரின் ஒரு வருடத்துக் காற்று:
ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை,
மொத்தம் ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம்.
ரேஷன் கடை மாடியில் வெளுத்துப்போன ஒரு பெட்டி
யாரும் கேட்காமலே எண்ணி வைத்தது.

விசாரணைக்கு அவ்வளவும் வேண்டாம்.
கடிதத்தில் தெளிவாக இருந்தது:
பதினேழாம் தேதி, வியாழன்,
நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை.

கட்டளை சுலபம்.
தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று,
நடுவில் ஒரு சாய்வுக்கோடு.
காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுகிறவர்
"நடுத்துண்டா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் கத்தியை இறக்குவாரே,
அப்படித்தான் எண்டரைத் தட்டினேன்.

எழுபத்திரண்டு வரிசை வந்தது.
எல்லாம் சமர்த்தான எண்கள்.
ஒன்பது, எட்டு, எட்டு, பதினொன்று.
கோடாக வரைந்தால்
நன்றாகத் தூங்குகிறவரின் மார்பு மாதிரி இருந்தது.

பக்கத்து ஸ்டூலில் தேசராணி.
மடியில் மகனுடைய ஆஸ்பத்திரி சீட்டுகள்,
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
அவன் இருமிய தேதிகள்.
"இது எங்க ராத்திரி இல்ல சார்" என்றார்.
"நாங்க ஓடுனது புதன்கிழமை நைட்டு."

ஒன்றேகால் மணி என்றால் வியாழன் என்றேன்.
பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும் என்று
குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்,
இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"படுத்து எழுந்தாத்தான சார் மறுநாளு?
நாங்க எங்க படுத்தோம்?"

மேலே போய்ப் பார்த்தேன்.
நேரம் என்ற தலைப்பின் ஓரத்தில்
நான் படிக்காமல் தாண்டிய மூன்று எழுத்து: யு.டி.சி.
பெட்டியை மாட்டிய ஆள் கடிகாரத்தைத் திருத்தவில்லை.
எர்ணாவூர் மாடியில் உட்கார்ந்து
அது கிரீன்விச் நேரத்தில் மூச்சை எண்ணியிருக்கிறது.
ஐந்தரை மணி நேரம் பின்னால்.
நான் வெட்டியது விடிந்த பிறகு.
காற்று கடல் பக்கம் திரும்பி,
ஜனங்கள் முகம் கழுவி,
எல்லாம் கலைந்த பிறகு.

அவர் ஒன்றேகால் என்றது
பெட்டிக்கு இரவு ஏழே முக்கால்.
கிழமை புதன்.
மூன்று பேரில் நானும் கடிதமும்தான் வியாழன்.

ஐந்தரையைக் கழித்து மறுபடி வெட்டினேன்.
பதினாலு.
இருநூற்று அறுபது.
எழுநூற்றுப் பத்து.
ஆயிரத்து முன்னூற்று நாற்பது.
அப்புறம் எண் இல்லை.
எட்டு வரிசை காலி.

கரண்ட் போயிருக்கலாம்,
பெட்டிக்கே முட்டியிருக்கலாம்.
காலி வரிசைகளைத் தூக்க ஒரு கட்டளை உண்டு.
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
நேர்க்கோடு போட்டு நிரப்ப இன்னொன்று.
இரண்டும் விரலுக்குப் பழக்கம்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

பிரிண்டரில் மை குறைவு, எண்கள் சாம்பலாக வந்தன,
காலி மட்டும் பளிச்சென்று.
தேசராணி ஒவ்வொரு வெள்ளையிலும் விரல் வைத்தார்.
"இது எதிர்வீட்டைத் தட்டுனது.
இது புள்ளைக்கு ஈரத்துணி.
இங்க செருப்பு போச்சு.
இது பாலம், இதுவும் பாலம்.
இங்க வேன்காரன் நிக்காம போயிட்டான்.
இது..."

எட்டாவதில் விரல் நின்றது.
கீழே யாரோ ஒருவர்
சார்ஜ் ஏறிவிட்டதா என்று கத்திக்கொண்டிருந்தார்.