இருபத்தாறு சுற்று

பட்டமங்கலத் தெருவில்
மோட்டார் கட்டுகிற என் கடைக்கு
தரங்கம்பாடி அந்துவான் கொண்டுவந்தது
விரிசல் விட்ட ஒரு கறுப்பு வளையம்.
உலுக்கினால்
உள்ளே ஒரு கை காவிரி குலுங்கியது.

"தண்ணிக்குள்ள உலோகம் தேடுற மிஷின்க்கா.
தலை போச்சு.
கம்பெனித் தலை நாப்பத்திரெண்டாயிரம்,
வந்து சேர மூணு மாசம்.
கடைமுகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்."

ஐந்து குதிரை மோட்டாருக்கு
கிலோ கிலோவாகச் செம்பு ஊட்டிப் பழகிய கை.
இதற்கு முப்பது கிராம்.
தராசு முள்
எழுந்துகூடப் பார்க்கவில்லை.

பலகையில் வட்டமாக ஆணி அடித்தேன்,
ஒரு சாண் அகலம்.
நனைந்தபடியே ஓடுகிற போர்வெல் மோட்டாருக்குப் போடும் வயர்,
தடித்த சட்டை போட்டது.
மெல்லிய வார்னிஷ் வயர் என்றால்
சுற்றும் சுற்றும் ஒட்டிக்கொண்டு
வளையம் அடங்க நேரமாகிறது.
ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று வாயை மூடி
காது கொடுக்க வேண்டிய வேலை இது.
தான் பேசியதின் மிச்சமே காதில் இருந்தால்
மண்ணுக்குள் கிடக்கிற மோதிரம்
சொல்வது எப்படிக் கேட்கும்?

முதல் வளையம்
தொட்டியில் போட்டதும் மிதந்தது, பூரி மாதிரி.

எடை கூட்டப் பிசினோடு ஆற்று மணல் கலந்தேன்.
இரண்டாவது சும்மாவே முனகியது.
மணலில் கறுப்புப் பொடி, இரும்பு.
அதற்கப்புறம்
பாட்டு நின்றுபோன ஒரு ஸ்பீக்கரின் காந்தத்தால்
இரண்டு படி மணலை வருடி வருடி எடுத்தேன்.
மோட்டார் கொண்டுவந்த திருமணஞ்சேரிக்காரர்
நின்று பார்த்துவிட்டு
எதுவும் கேட்காமல் போனார்.

மூன்றாவது செவிடு.
வெளி இரைச்சல் வராதிருக்க அலுமினியத் தாள் சுற்றியவள்
நல்ல வேலைக்காரி என்ற நினைப்பில்
முனையோடு முனை சேர்த்து மூடிவிட்டேன்.
மூடினால் அதுவும் ஒரு சுற்று,
ஷார்ட் ஆன சுற்று.
இருபது வருஷமாக அடுத்தவர் மோட்டாரில்
நான் தேடிக் கண்டுபிடித்துத் திட்டுகிற அதே தப்பு.
அரை விரல் இடைவெளி விட்டேன்.
கேட்க ஆரம்பித்தது.

கிட்டே போனால் மட்டும் அலறியது.
சங்கிலியைக் கழற்றி டிராயரில் போட்டேன், வளையலையும்.
அமைதி.

முடவன் முழுக்கும் முடிந்த மறுநாள்
துலாக்கட்டத்தில் அந்துவான் இறங்கினான்.
சோடா மூடி, ஊக்கு, தோட்டின் திருகாணி,
யாருடைய பாவத்துக்கோ போட்ட ஒற்றை ரூபாய்கள்.
பதினோரு மணிக்கு
தையல்நாயகியின் மோதிரம்.
குளிக்கும்போது நழுவியதென்று
அவள் அண்ணன் முன்பணம் கொடுத்திருந்தார்.

அண்ணன் காரை எடுத்துவரப் போன நேரத்தில்
அவள் அதை வாங்கி
கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல் பார்த்து
திரும்ப அவன் ஈரக் கையிலேயே வைத்தாளாம்.
"கிடைக்கலைன்னு சொல்லிடுங்க."

ராத்திரி கடை மூடும் நேரத்துக்கு வந்து சொன்னான்.
முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.
மோதிரம் எங்கே என்று கேட்டேன்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், என்றான்.

நழுவியதற்கும் நழுவவிட்டதற்கும்
வளையம் ஒரே குரலில்தான் கத்துகிறது.
அதைப் பிரித்துச் சொல்ல
எத்தனை சுற்று கூட்ட வேண்டும் என்று
எனக்குத் தெரியாது.

நோட்டில் எழுதினேன்:
வயர், பிசின், பழைய கேபிள், கூலி.
மொத்தம் ஆயிரத்து எழுநூறு.
பாக்கி.

போகும்போது வாசலில் நின்று கேட்டான்,
பூம்புகார்ப் பக்கம் கடலுக்கும் ஒன்று வேண்டுமாம்.
அங்கே உப்புத் தண்ணீரே
உலோகம் மாதிரிப் பேசுமாம்.
"பழைய பாக்கியைக் கொடு, பார்க்கலாம்" என்றேன்.
ஆணியைப் பலகையிலிருந்து
பிடுங்கவில்லை.