ஒரு முழம் தீ

நிஸ்வா. வெள்ளிக்கிழமை.
ஆட்டு ஏலம் முடிந்தும் புழுக்கை வாடை போகவில்லை.
ஹுமைத் இரண்டையும் மேசையில் கிடத்தினார்,
ஏதோ பட்டாளம் கழித்துப்போட்ட துப்பாக்கிகள்.
தையல்கடையை விட்டு வந்தபோது
கூடவே வந்துவிட்ட நாடாவை எடுத்தேன்.
நீளக் குழல் முப்பது அங்குலம், ஒரு நூல் கூட.
குட்டை, பதினெட்டே முக்கால்.

"துளை ஒன்றுதானே,
ஒரே பெட்டி போதும்" என்றார்.

துளை ஒன்றுதான்.
மருந்து எரியத்தான் தூரம் வேண்டும்.
நிதானமாய் எரிகிற ரகம்
நீளக் குழலில் உண்டு முடித்து, கை கழுவி,
வெளியே வரும்.
குட்டையில் பாதிப் பந்தியில் எழுந்து ஓடும்.
வாசலுக்கு வெளியே ஒரு முழம் தீ,
காது அடைக்கும்,
குண்டுக்கு மட்டும் வேகம் குறையும்.

களிம்பு ஏறியவற்றைத் தள்ளிவைத்தேன்,
கழுத்தில் மயிர்க்கீறல் விழுந்தவற்றையும்.
சீக்கிரம் எரியும் சிவப்புப் பெட்டியை நகர்த்தி
குட்டைக்கு இது என்றேன்.

வேண்டாமாம்.
மகன் கல்யாணம், ஆட்டத்தில் தீ தெரியவேண்டும்,
மச்சான் போனில் படம் எடுக்கிறான்.
குறி? சிரித்தார்.
மேலே பார்த்துத்தானே.

மேலே.

"பந்தல் வாதிக்கு எந்தப் பக்கம்?"
"பேரீச்சந்தோப்புப் பக்கம்."
தோப்புக்குப் பின்னால்தான் எங்கள் முகாம்.
தகரக் கூரை.
மேல்கட்டில் என்னுடையது.

குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து
குண்டில்லாத வெற்றுத் தோட்டா இரண்டு பெட்டி எடுத்தேன்,
நுனியைக் கொசுவம் வைத்து மடித்தது.
"தீ இதில்தான் ஜாஸ்தி" என்றேன்.
உண்மையா, தெரியாது.
விலை பாதி என்பது உண்மை.