கறுப்பு முட்டாய்

காரைக்குடியிலிருந்து புதுவயலுக்கு வருகிற கூரியரில்
பாதி என் ஜெராக்ஸ் கடையில்தான் இறங்கும்.
ஆவணியில் ஒரு பெட்டி வந்தது.
மேலே ஒட்டிய தபால்தலையில்
பனிக்குள் நின்றது ஒரு மான்,
கொம்பு மட்டும் இலை உதிர்ந்த புளியங்கிளை மாதிரி.

ரைஸ்மில்லுக்குக் கொதிகலன் பூட்ட
பின்லாந்திலிருந்து வந்திருந்த எய்லாவுக்கு.
தெருப்பிள்ளைகள் வாயில்
எய்லா அக்கா, ஏலாக்கா ஆகி,
ஒரே வாரத்தில் ஏலக்காய் ஆகிவிட்டாள்.
அர்த்தம் சொன்னேன். சிரித்தாள்.
அவள் ஊர் ரொட்டியிலும்
அதைத்தான் தட்டிப் போடுவார்களாம்.

என் கத்தரிக்கோலை வாங்கிக்
கடை வாசலிலேயே பெட்டியைப் பிரித்தாள்.
இந்த வெயிலுக்குக் கம்பளிக் காலுறை.
அம்மா கையெழுத்தில் நான்கு பக்கம்.
அப்புறம் கறுப்பு முட்டாய்,
டப்பா டப்பாவாய்.

டியூஷன் விட்ட நேரம், சொல்லவா வேண்டும்.
பத்துப் பிள்ளைகள், பதினோரு கை.
இரண்டு கையும் நீட்டியது கனிஷ்கா.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு உப்பு.
உப்புக்கும் அடியிலிருந்து ஏதோ ஒன்று,
பேட்டரியை நக்கிப் பார்த்தது போல.
யாசின் சாக்கடைக்கு ஓடினான்.
அடைக்கலராஜ் மரியாதைக்காரன்;
துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கண்ணில் தண்ணீரோடு
'சூப்பர்' என்றான்.
எனக்கும் ஒன்று நீட்டினாள்.
நான் பில் புக்கில் குனிந்துகொண்டேன்.

சிகப்பி மட்டும் மெதுவாய் மென்று,
'இது அதிமதுரம்.
எங்கப்பா இருமலுக்குக் கடிக்கிறது.
யாரோ உப்புல போட்டுட்டாங்க' என்றாள்.
நம்பாதவர்களுக்காக
நாட்டுமருந்துக் கடைக்கு ஓடி
விரல் நீள வேர் ஒன்று வாங்கி வந்தாள்.

எய்லா முகர்ந்தாள். கடித்தாள்.
வேரை வாயிலிருந்து எடுக்காமலே
அம்மாவின் நான்கு பக்கத்தையும்
படித்து முடித்தாள்.
அதுவரை நாங்கள் யாரும் பேசவில்லை.
யாசின்கூட.

மறுநாள் பிள்ளைகள் பழிவாங்கினார்கள்.
புளி, கல்லுப்பு, வரமிளகாய்
மூன்றையும் இடித்து உருட்டி
ஈர்க்குச்சியில் குத்திக் கொடுத்துவிட்டு
வரிசையாய் நின்றார்கள்
முகத்தை வேடிக்கை பார்க்க.
காது சிவந்தது. மூக்கு சிவந்தது.
'சூப்பர்' என்றாள்
அடைக்கலராஜ் குரலிலேயே.

மாசியில் கொதிகலன் ஓடியது.
பங்குனியில் கிளம்பிப் போனாள்.
காலுறை என்னிடம் இருக்கிறது,
சில்லறை போட்டு வைக்கிறேன்.

நேற்று யாசின் வந்தான்.
ஆதார் ஜெராக்ஸ் இரண்டு.
வாங்கிக்கொண்டும் நகரவில்லை.
'ஏலக்காய்கிட்டேருந்து பெட்டி ஏதும் வந்துச்சா?'

'நீதானடா ஓடிப்போய்த் துப்பினவன்.'

'எனக்கில்ல.
எங்க கிளாஸ்ல புதுசா ஒரு அறந்தாங்கிக்காரன்.
ரொம்பப் பீத்திக்கிறான்.
அவனுக்கு ஒண்ணு குடுக்கணும்,
நம்மூரு முட்டாய்னு சொல்லி.'